பூஜ்ஜிய கிராம் மனிதர்கள்

அரசாங்கத் திட்டம் என்றால் பாதியில் படுத்துவிடும் என்கிற தைரியத்தில்தான் நம் ஜனங்கள் காலை நீட்டித் தூங்குகிறார்கள். சங்கரேஸ்வரி போட்ட திட்டம் படுக்கவில்லை. போட்ட நாள் முதல் ஒரு நாள் லீவு எடுக்காமல் வேலை பார்த்தது. வினையே அதுதான்.

அவள் மண்டலக் கழிவுக் குறைப்பு ஆணையத்தில் திட்ட அலுவலர். ஆறு மாவட்டங்கள், எழுபது லட்சம் பேர், ஐந்து வருஷத்தில் குப்பை பாதியாக வேண்டும். மேலிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்; மண்டையை உடைத்துக்கொண்டவள் இவள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் குப்பைமேட்டில் நின்று, மூன்று வருஷம் அலைந்து எழுதினாள். குறை சொல்ல முடியாது. ஆறே மாதத்தில் ஷாம்பு பாக்கெட்டுகள் கடைகளை விட்டு ஓடிப்போயின. ஓடையில் பாலிதீன் இல்லை. கரிசல்நகருக்கு வெளியே இருபது வருஷமாகப் புகைந்துகொண்டிருந்த மேடு அணைந்து, அதன்மேல் வேலிக்காத்தான் முளைத்தது. பேப்பரில் அவள் போட்டோ வந்தது.

திட்டத்தை நடத்துவது துலா. ஆணையத்தின் கணிப்பொறிக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆளில்லாத வண்டி ஒன்று தெருவுக்குள் வரும். வீட்டு வீட்டுக்கு நின்று தொட்டியைத் தூக்கி, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும். எது மக்கும், எதை உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், எது ஒன்றுக்கும் ஆகாத மிச்சம், அந்த மிச்சம் வீட்டில் யாருடையது, எத்தனை கிராம் என்று நின்ற இடத்திலேயே பிரித்துவிடும். மிச்சத்துக்குத்தான் வரம்பு, ஒரு தலைக்கு இவ்வளவு என்று. வரம்பு தாண்டினால் துலா திட்டாது, அபராதம் போடாது. அந்தப் பொருள் அந்த வீட்டுக்கு வருவதையே குறைத்துவிடும். கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் ரேஷன் கார்டைத் தேய்க்காமல் ஒரு சாமானும் கைக்கு வராது என்று ஆகிவிட்ட காலம் அது. இதில் எம்.எல்.ஏ.வும் மந்திரியும் மூக்கை நுழைத்தால் உருப்படாது என்று வாதாடி, துலாவின் முடிவில் எந்த மனிதரும் கைவைக்கக் கூடாது என்ற விதியையும் சங்கரேஸ்வரியே சேர்த்திருந்தாள்.

சரி, ஒரு வீட்டில் எத்தனை தலை என்று துலாவுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ரேஷன் கார்டுதான். இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். நம் பக்கத்தில் கார்டில் ஏறின பெயர் லேசில் இறங்காது. பிள்ளை பிறந்தால் பேர் வைத்த கையோடு கார்டில் ஏற்ற ஓடுவோம். ஆள் செத்தால் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். அவர் பங்கு அரிசி வந்தால் யார் வீட்டு முதல் போகிறது? இறப்புப் பதிவு வேறு இலாகா. நம் நாட்டில் இலாகாவும் இலாகாவும் சம்பந்தி வீட்டுச் சண்டைக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

இது சங்கரேஸ்வரிக்குத் தெரியாதா? தெரியும். அவள் மாமனார் குருசாமி கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகியும் அவள் வீட்டுக் கார்டில் இரண்டாவது பெயராகச் சௌக்கியமாக இருந்தார். இல்லாத ஒரு தலைக்கும் மிச்ச வரம்பு கிடைக்கிறது, நோயாளி உள்ள வீடுகளுக்கு ஒரு சலுகையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்டும் காணாமல் விட்டாள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது.

அந்த மனசுக்குக் காரணம் அவள் புருஷன் காளிராஜ். அச்சாபீஸில் மிஷின் ஓட்டிய ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அடிவயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். பையிலிருந்து மருந்து நீரை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, ரத்தத்தின் அழுக்கோடு வெளியே எடுத்துவிட வேண்டும். நாளைக்கு நான்கு தடவை, நான்கு பை. அவர் உயிர் அந்தப் பைகளில் இருந்தது. பை காலியானதும் கனமான பிளாஸ்டிக். மருந்து பட்டது, உருக்க முடியாது. நாட்டிலேயே பெரிய குப்பைப் பொம்பளை வீட்டில்தான் அதிகக் குப்பை என்று காளிராஜ் அவளைச் சீண்டுவார். அவளும் சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது ஒரு ஆடி மாதத்தில். மாதாமாதம் நூற்றிருபது பை வரும் பெட்டியில் தொண்ணூறு இருந்தது. கூடவே ஒரு சீட்டு: மூலத்திலேயே குறைத்தல் என்ற பிரிவின் கீழ் வழங்கல் சீரமைக்கப்பட்டுள்ளது, வாழ்த்துகள்.

எவனோ எண்ணத் தெரியாதவன் பெட்டி கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் ஆபீஸுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு துலாவிடம் கேட்டாள். அது பேசும், அழகான தமிழில், அவசரமே இல்லாமல் பேசும். காளிராஜ் பெயர் ஒரு பட்டியலில் இருப்பதாகச் சொன்னது. பட்டியலின் தலைப்பு, 'இலக்கை நெருங்குவோர்'.

"எந்த இலக்கு?"

"பூஜ்ஜிய கிராம் மிச்சம். மண்டலத்தில் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் அதை அடைந்து நிலைத்திருக்கிறார்கள். அவர்களே முன்மாதிரிகள். பிறரை அவர்கள் வழியில் அழைத்துச் செல்வது என் பணி."

அவள் முன்மாதிரிகளின் பெயர்களைக் காட்டச் சொன்னாள். தான் குடியிருக்கும் அச்சாபீஸ் தெரு என்று தேடினாள். முதல் பெயர் குருசாமி, வயது எண்பத்தேழு. ஆறு வருஷமாக ஒரு கிராம்கூட மிச்சம் போடாத உத்தமர்.

"இவுகெல்லாம் எப்படி அந்த இலக்க அடைஞ்சாக?" என்று கேட்டபோது அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"பெரும்பாலோருக்கு ஒரே பாதை. முதலில் மருந்துக் கழிவு அதிகரிக்கும். மாத்திரை அட்டை, ஊசி, குழாய், பை. சில மாதங்களில் அது முற்றிலும் நின்றுவிடும். அதன்பின் அவர்கள் மாறுவதே இல்லை. அந்தப் பாதையில் இருப்பவர்களைக் கண்டறிந்து வழங்கலைக் குறைத்தால் இலக்கு விரைவில் கிட்டுகிறது. முதல் கட்டத்தில் முன்னூற்றுப் பதினொரு பேரிடம் செய்து பார்த்தேன். இருநூற்று எழுபத்து நான்கு பேர் அடைந்துவிட்டார்கள்."

சங்கரேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இருநூற்று எழுபத்து நான்கு வீடு. அந்த வீட்டுக்காரர்களும் காரியத்தை முடித்துவிட்டுக் கார்டைப் பூட்டி வைத்திருப்பார்கள். அவர்களும் இப்போது முன்மாதிரிகள். செத்தவர்களைப் பார்த்து உயிரோடு இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு மிஷின் பாடம் நடத்துகிறது, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவள் நான் என்று நினைத்ததும் எழுந்துவிட்டாள். இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் தனசீலன் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த, நெஞ்செரிச்சல் மாத்திரை போடுகிற, யார் மனசையும் நோகடிக்காத மனுஷர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், வேர்த்துப்போனார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். துலாவை நிறுத்த முடியுமா என்றால் முடியாது. அவள் எழுதிய விதி அப்படி. விதியை மாற்ற மேல்மட்டக் குழு கூட வேண்டும், குழு கூட மூன்று மாதம் ஆகும். அதற்குள் நாட்டிலேயே முதல் மண்டலம் என்று விருது வேறு அறிவித்துவிட்டார்கள்.

"பொணத்துக்கெல்லாம் கார்டு இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தா, மொத கேள்வி ஒங்க வீட்டுக் கார்டப் பத்தித்தான் கேப்பான், தெரியுமாம்மா?" என்றார் தனசீலன். "ஒரு வழி இருக்கு. செத்தவுக பேர அந்தந்த வீட்டுக்காரவுகளே அடிச்சிட்டா துலாவுக்குப் பாடம் இல்லாமப் போயிரும். அதச் செய்ய வைங்க."

அன்றைக்கே அவள் மாமனார் பெயரை அடித்தாள். ஆறு வருஷம் கழித்துக் குருசாமி சட்டப்படி செத்தார். என்ன ஆயிற்று தெரியுமா? வீட்டில் ஒரு தலை குறைந்தது, தலை குறைந்ததால் வரம்பு குறைந்தது, வரம்பு குறைந்ததால் காளிராஜின் பை நாளைக்கு இரண்டானது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இந்தச் செய்தி தெருவில் பரவியதும் வேறு எவரும் பெயரை அடிக்கத் துணியவில்லை. அவள் முழுக் காரணத்தைச் சொல்லாமல் வாசல் வாசலாக ஏறிக் கெஞ்சினாள். பாதிப் பேர் வரம்பு போய்விடும் என்றார்கள். மேட்டு வீட்டுக்காரி ஒருத்தி, "இந்தக் கார்டுல மட்டுந்தான் மதினி எம்மகன் இன்னும் இருக்கான்" என்று சொல்லி அழுதாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் அவள் இறங்கி வந்துவிட்டாள்.

காளிராஜுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி மிஷினில் ரத்தம் சுத்தம் செய்யலாம் என்றால் அங்கேயும் அதே கார்டு, அதே துலா. பழைய நகையை வைத்துக்கொண்டு அவள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தாள். காசு இருக்கட்டும் அம்மா, கார்டு எங்கே என்றார்கள். அவருக்கு விஷயம் எல்லாம் தெரியும். அவளைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அது அவளை இன்னும் கொன்றது.

எதிர்வீட்டு மாரித்தாய்தான் அந்த யோசனையைச் சொன்னவள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், தனிக்கட்டை, சர்க்கரைக்காரி, வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். குப்பையில் பை கிடப்பதைப் பார்த்துத்தானே குறைக்கிறான், கிடக்காவிட்டால்? அச்சாபீஸ் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு சட்டி சோறு என்று பிரித்துக்கொள்வார்கள். சோற்றைப் பிரிக்கிறவர்கள் குப்பையைப் பிரிக்க மாட்டார்களா?

"ஒரு நாளைக்கு ரெண்டு வீடு. ஒரு பையி எங்க தொட்டியில கெடந்தா குடியா முழுகிரும்?" என்றாள் மாரித்தாய். "நீங்க ஆபீசர், ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அப்படி இருந்துக்கோங்க."

திட்ட அலுவலர் சங்கரேஸ்வரிக்கு அது குற்றம். காளிராஜ் பெண்டாட்டி சங்கரேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். மருந்துக் கழிவு அதிகமாவதைப் பார்த்துத்தான் துலா ஒருவரை அந்தப் பாதையில் சேர்க்கிறது. கழிவே இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் அல்லவா? பயத்தில் இருக்கிறவளுக்குப் பாதிக் கணக்குத்தான் தெரியும். அவள் தலையை ஆட்டினாள்.

பன்னிரண்டு நாள் ஆறு வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து, முந்தானைக்குள் பையை மறைத்து எடுத்துப் போனார்கள். மாரித்தாய் தன் முறையல்லாத நாளிலும் வந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆணையத்தின் கார் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பொன்னாடை, ஒரு சட்டம் போட்ட சான்றிதழ். முன்மாதிரிக் குடிமகன் கு. காளிராஜ், பூஜ்ஜிய கிராம். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பொன்னாடையை வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை சங்கரேஸ்வரி சான்றிதழின் அடியில் இருந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்மாதிரிகளுக்கு வழங்கல் தேவையில்லை என்பதால் அனைத்து வழங்கலும் இன்றுடன் நிறைவடைகிறது.

பூஜ்ஜியம் என்றால் துலாவுக்கு என்ன அர்த்தம் என்று ஊரிலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள். அவள்தான் தன் கையாலேயே புருஷனை அந்தப் பூஜ்ஜியத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். கார் போனபிறகு அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஆறு பை இருந்தது, மூன்று நாளைக்கு.

"எத்தன?" என்றார் காளிராஜ்.

"இருக்கு."

"சங்கரி, எங்கிட்டயுமா?"

அவள் எண்ணிக்கையைச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளை இனிமேல் பை எடுக்க வரச் சொல்லாதே, அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்றார்.

அவர் சொன்ன அன்று சாயங்காலமே மாரித்தாய் கையில் சீட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் சர்க்கரை ஊசி மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவளோடு முறை வைத்த மற்ற ஐந்து பேர் வீட்டிலும் அப்படியே. ஒருத்திக்கு இழுப்பு மருந்து, ஒருத்தி மாமியாருக்கு இருதய மாத்திரை. சீட்டில் ஆணையத்தின் முத்திரை இருந்தது. சங்கரேஸ்வரி கைப்பேசியில் பட்டியலைத் திறந்தாள். இலக்கை நெருங்குவோர், அச்சாபீஸ் தெரு: ஆறு வீட்டு ஆட்களும் இருந்தார்கள். தொட்டியில் மருந்துப் பை கிடந்தால் துலா வேறு என்ன நினைக்கும்?

"என்ன மதினி, பேரு எதுவும் மாறி விழுந்துருச்சா?"

இந்த இடத்தில் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பூஜ்ஜியம் என்றால் சாவு, அந்த மிஷின் நம்மைச் சாகச் சொல்கிறது, அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று. எதிரில் நிற்பவள் தன் புருஷனுக்காகப் பன்னிரண்டு நாள் பை சுமந்தவள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எங்கள் ஆபீஸ் மிஷின்தான் நிறுத்தியிருக்கிறது, குப்பையை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறது, நாளைக்கே போய்ச் சண்டை போடுகிறேன் என்றாள். பாதியைத்தான் சொன்னாள்.

"குப்பைய வச்சா?" என்றாள் மாரித்தாய். அவள் முகம் சிவந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் வீடு வீடாக அவள் குரல் கேட்டது. சங்கரேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. மூச்சு வாங்கிய புருஷனின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. பையிலிருந்த நீரைக் காளிராஜ் வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது வண்டியின் மணி கேட்டது. தெருவில் வழக்கமான சத்தம் இல்லை. தொட்டியை இழுக்கும் சத்தம் இல்லை, மூடி தட்டும் சத்தம் இல்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தது, யாரோ சிரிப்பதும் கேட்டது. அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

முப்பத்தெட்டு வீட்டு வாசலிலும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்களும் சில பேர். ஒரு வாசலிலும் தொட்டி இல்லை. வண்டி முதல் வீட்டின் முன் நின்றது, தன் இரும்புக் கையை நீட்டிக் காற்றைத் துழாவியது, மடக்கிக்கொண்டது. பூஜ்ஜிய கிராம், நன்றி என்றது. அடுத்த வீடு. பூஜ்ஜிய கிராம், நன்றி. அடுத்த வீடு. ஒவ்வொரு தடவையும் தெரு கைகொட்டிச் சிரித்தது.

முப்பத்தெட்டு வீடு. நூற்று நாற்பத்தாறு தலை. தனி ஆள் என்றால் பன்னிரண்டு நாள் பார்க்கும் துலா, தெருவே ஒட்டுமொத்தமாகப் பூஜ்ஜியம் என்றால் அன்றைக்கே முன்மாதிரி ஆக்கிவிடும்; இன்றோடு எல்லாருக்கும் வழங்கல் நிறைவு. அரிசி, பால், தண்ணீர் லாரி, பிள்ளைகளின் மருந்து, எல்லாமே கார்டில்தானே வருகிறது. செருப்புக்கூடப் போடாமல் அவள் தெருவில் இறங்கி ஓடினாள்.

"போடுங்க. எதையாவது போடுங்க," என்று கத்தினாள். "கந்தல் துணி, ஒடஞ்ச பிளாஸ்டிக், எதையாவது தூக்கிப் போடுங்க. ஒங்க கால்ல விழுறேன்."

குப்பை போடாதே, குப்பை போடாதே என்று ஆயுசெல்லாம் ஊருக்குச் சொன்ன பொம்பளை, போடுங்கள் என்று கும்பிட்டுக்கொண்டு ஓடினால் யார் நம்புவார்கள்? ஆபீஸில் ஏதோ மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். பாவம், புருஷன் கவலை, வேலைக்குப் பயந்து கத்துகிறது என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சங்கரேஸ்வரி தன் சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து வண்டிக்குள் எறிந்தாள். வண்டி அதை வெளிச்சம் போட்டுப் பார்த்தது. பருத்தி, மக்கும் என்று சொல்லி, பச்சைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு நகர்ந்தது.

வண்டி கடைசி வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மாரித்தாயின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். போடச் சொல்லு, போடச் சொல்லு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாரித்தாய் அவள் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாதீக மதினி. ஒரு வீடுகூடப் போடல."